சாம்பியின் காயத்தில் ஒரு கூறு

சாம்பியை நாய் குதறிப் போட்ட அன்றைக்குத்தான், ஒரு காயத்தைக் கிடாய்க்கறி மாதிரி கூறு போட்டு ஊரே பிரித்துக்கொள்ள முடியும் என்கிற விஷயம் சல்லிக்குளத்துக்குத் தெரியவந்தது. அதற்கு முன்னால் அந்த ஊரில் அடிபட்டவர்கள் எல்லாம், பாவம், அவரவர் காயத்தை அவரவரே வைத்துக்கொண்டு காலம் தள்ளினார்கள்.

சாம்பி என்பது வெள்ளத்தாயின் கோழி. சாம்பல் நிறம், ஒரு பக்கமாகச் சாய்ந்த கொண்டை, ஊரில் யாரையும் மதிக்காத நடை. வெள்ளத்தாய் வீட்டுக் கொல்லையில் இன்னும் பல கோழிகள் கிளறித் திரிந்தாலும், அடைக்கு உட்காருவதென்றால் சாம்பிதான். தன் முட்டை, அடுத்த வீட்டு முட்டை, வாத்து முட்டை, ஒரு தடவை யாரோ விளையாட்டுக்கு வைத்த கூழாங்கல் என்று எதைக் கொடுத்தாலும் இறக்கையை விரித்து உட்கார்ந்துவிடும். கூழாங்கல் பொரிக்கவில்லை, அவ்வளவுதான். "மதினி, ஒரு அடைக்குச் சாம்பியைக் குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போகாத வீடு ஊரில் இல்லாததால், சல்லிக்குளத்தில் எந்தக் கொல்லையில் எந்தக் கோழி கூவினாலும் கொக்கரித்தாலும் அது சாம்பியின் வயிற்றுச் சூட்டில் கண் திறந்ததாகத்தான் இருக்கும்.

அப்படிப்பட்ட கோழியை, விடிந்து பால்காரர் போன கொஞ்ச நேரத்தில், எங்கிருந்தோ வந்த செவலை நாய் ஒன்று கவ்வி உலுக்கிவிட்டுப் போனது. வெள்ளத்தாய் விளக்குமாற்றோடு ஓடி வந்தபோது, இறக்கை முளைத்த இடத்திலிருந்து வால் வரைக்கும் தோல் கிழிந்து, உள்ளே சதை பளபளவென்று தெரிய, சாம்பி முருங்கை மரத்தடியில் கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு கிடந்தது. அதைவிடக் கொடுமை, அது பொரித்து வளர்த்த மற்றக் கோழிகளே ரத்தத்தைப் பார்த்ததும் ஓடி வந்து காயத்தைக் கொத்தத் தொடங்கியிருந்தன. கோழிகளுக்கு அப்படி ஒரு புத்தி. வெள்ளத்தாய் எல்லாவற்றையும் விரட்டிவிட்டு, சாம்பியை முந்தானையில் ஏந்திக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றைக்கு அவள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகவில்லை. வெதுவெதுப்பாக உப்புத் தண்ணீர் வைத்து, கிழிந்த இடத்தைச் சுற்றி ஒவ்வொரு இறகாகப் பிடுங்கி, மண்ணையும் தூசியையும் கழுவி, மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு, ஊசியில் நூல் கோத்தாள். பக்கத்து வீட்டுச் சீனியம்மாள் எட்டிப் பார்த்து, "மதினி, சொன்னா கோவப்படாதீங்க. இது பொழைக்காது. இப்பவே அறுத்துட்டா குழம்புக்காவது ஆகும்" என்றாள்.

"ஒன் வாயில மண்ணைப் போட. வந்து புடி" என்றாள் வெள்ளத்தாய்.

சீனியம்மாள் வாய்தான் அப்படி, மனசு அப்படி இல்லை. உட்கார்ந்து, சாம்பியை மடியில் போட்டு, கிழிந்த தோலின் இரண்டு ஓரத்தையும் உள்ளங்கையால் சேர்த்துப் பிடித்தாள். பிடித்தவள் மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்தவள் போல "ஸ்ஸ்" என்று கையை எடுத்தாள். அவள் உள்ளங்கையில் ஒரு நக அளவுக்குத் தோல் கிழிந்து சிவந்திருந்தது. சாம்பியின் முதுகில், வால் ஓரத்தில், அதே நக அளவுக்குக் காயம் இல்லை. அந்த இடத்தில் தோல் கூடி, இளஞ்சிவப்பாக, இறகுக்குருத்துகூட முளைக்க ஆரம்பித்திருந்தது.

வெள்ளத்தாய் கோத்த ஊசியை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"எனக்கு வந்துட்டு மதினி" என்றாள் சீனியம்மாள், குழம்பு ருசி பார்த்துவிட்டு உப்புச் சரியாக இருக்கிறது என்று சொல்கிற குரலில். பிறகு சட்டென்று பேச்சை நிறுத்தி, தலையைச் சாய்த்து, எதையோ கேட்கத் தொடங்கினாள். "உள்ளுக்குள்ள யாரோ தட்டுதாங்க. சின்னச் சின்னதா. குஞ்சு முட்டை ஓட்டைத் தட்டுத மாதிரி." அவள் கண் நிறைந்துவிட்டது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. எழுந்து போகும்போது, காலுக்குக் கீழே ஏதோ உடைந்துவிடும் போலப் பாதத்தை மெல்ல மெல்ல எடுத்து வைத்துப் போனாள். தடதடவென்று நடக்கிறவள் என்று பேர் எடுத்தவள் அவள்.

அவள் போனதும் வெள்ளத்தாய் கதவைச் சாத்திக்கொண்டு, தன் உள்ளங்கையைக் காயத்தின் மேல் வைத்தாள். வரவில்லை. அழுத்தி வைத்தாள். மற்றக் கையை வைத்தாள். காலையிலிருந்து அந்தக் காயத்துக்குள்ளேயேதான் அவள் விரல்கள் இருக்கின்றன, அப்போதும் வரவில்லை, இப்போதும் வரவில்லை. கன்னத்தை வைத்துக்கூடப் பார்த்தாள். ரத்தம் ஒட்டியதே தவிர வேறு ஒன்றும் ஒட்டவில்லை.

செய்தி தெருவுக்குப் போனது. சல்லிக்குளத்து ஆட்கள் எதற்கும் அதிசயப்பட்டு நிற்கிற ரகம் இல்லை. ஆச்சரியத்தை ஓரமாக வைத்துவிட்டு, நியாயம் என்ன என்று பேச உட்கார்ந்துவிடுவார்கள். சாம்பி யார் வீட்டுக்கு அடை காக்கவில்லை? அப்படியானால் அதன் காயத்தில் எல்லாருக்கும் பங்கு உண்டு. எப்படிப் பங்கு வைப்பது? இதில் என்ன கேள்வி, பொங்கலுக்கு எப்படியோ அப்படி. பங்குனிப் பொங்கல் முடிந்த மறுநாள், காளியம்மன் கோயில் முன்னால் கிடாய்க்கறியைப் பனையோலையில் கூறு கூறாக வைத்து, கோயில் காரியம் பார்க்கிற கொடிவீரன் நின்றுகொண்டு, தலைக்கட்டுக்கு ஒரு கூறு என்று வீடு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். கல்யாணமாகித் தனி உலை வைத்த ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. எழுதி வைத்தெல்லாம் படிப்பதில்லை. மேலத்தெருவில் ஆரம்பித்து, கீழத்தெருவில் முடிகிற வரைக்கும் பேர்கள் அவர் நாக்கில் வரிசையாக நிற்கும். "குருநாதன் வீடு!" என்பார். "இருக்கோம்!" என்று ஒரு குரல் வரும். கூறு போய்விடும்.

ஆக, வெள்ளத்தாய் வீட்டு முற்றத்தில் சாம்பியைச் சாக்கு விரித்துப் படுக்க வைத்து, கொடிவீரன் பேர் கூப்பிட, ஊர் வரிசையில் வந்தது. ஊர்த்தலைவர் அய்யாத்துரை முதல் ஆளாகச் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அவர் கோழியைத் தொட்டதும் தோள்பட்டைக்குக் கீழே காயம் வந்தது, அவரும் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். ஆனால் எழுந்த மனிதர், தன் இரண்டு கையையும் ஏதோ ஏந்தியிருப்பது போல வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார். டீக்கடைக் கோட்டைச்சாமி, "எனக்குச் சின்னதாப் பாத்துக் குடு தாயி, கொதிக்கிற பாலுக்குப் பக்கத்துல நிக்கவன்" என்று கோழியிடமே பேரம் பேசினார். தை மாதம் கல்யாணமாகிப் புதுசாகத் தலைக்கட்டு ஆன கனகராசுக்கு இதுதான் முதல் கூறு. தோளில் வாங்கிக்கொண்டு, எல்லாரும் பார்க்கட்டும் என்று மறுநாள் முழுக்கப் பனியனோடு பஸ் ஸ்டாப்பில் நின்றான். திருப்பூரில் இருக்கிற பெருமாள்ராசு, பொங்கல் வரியை ஜிபேயில் அனுப்புவது போல இதையும் முடித்துவிடலாம் என்று வீடியோ காலில் வந்து கையை நீட்டிப் பார்த்தான். போன் வழியாகக் காயம் போகவில்லை. லீவு போட்டு பஸ் ஏறி வந்து வாங்கிக்கொண்டு போனான்.

கூறு வாங்கிய ஒவ்வொருவருக்கும் காயத்தோடு அந்தத் தட்டலும் கேட்டது. அதைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் ஊரின் நடமாட்டமே மாறிப்போனது. ஆண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மெல்ல நடந்தார்கள், வேன் ஓட்டுகிற சங்கரபாண்டி பள்ளம் வந்தால் இறங்கி ஒரு தடவை பார்த்துவிட்டு ஓட்டினான், பெண்டாட்டியை அடிக்கக் கை ஓங்கிய ஒருத்தன் ஓங்கிய கை கீழே வராமல் அப்படியே நின்று, அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலைமேல் வைத்துவிட்டு அழுதான். கோட்டைச்சாமி கடையில் கிளாஸ் வைக்கிற சத்தமே இல்லை. வெயில் கொளுத்துகிற கரிசல் காட்டில், கோடை மழையை நம்பி விதைத்துவிட்டு வானத்தைத் திட்டிக்கொண்டிருந்த சம்சாரிகள், வரப்பில் போய்க் குந்தி உட்கார்ந்து, மண்ணுக்குள் விதைகள் உள்ளேயிருந்து தட்டுவதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். பருத்திக்காய் தட்டியது. புளியம்பழத்துக்குள் கொட்டைகள் தட்டின. நிறைமாதமாக இருந்த கனகராசுவின் அக்கா தெருவில் நடந்து வந்தபோது, டீக்கடையில் இருந்த அத்தனை ஆண்களும், யாரும் சொல்லாமலே, எழுந்து நின்றார்கள்.

இவ்வளவும் வெள்ளத்தாய்க்குத் தெரியும், ஏனென்றால் எல்லாரும் அவள் முற்றத்துக்கு வந்துதான் போனார்கள். அந்தத் தட்டல் மட்டும் அவளுக்குக் கேட்கவில்லை, ஏனென்றால் அவளுக்குக் கூறு இல்லை.

அவள் புருஷன் மாடசாமி வடநாட்டில் முறுக்குக் கம்பெனிக்கு வேலைக்குப் போனவன். போனவன் போனவன்தான். அங்கே அவனுக்கு ஒரு குடும்பம் இருப்பதாகச் சொன்னார்கள், இல்லை என்று சொல்லவும் யாரும் இல்லை. ஒரு பங்குனியில் கொடிவீரன், "மாடசாமி வீடு!" என்று கூப்பிட, பதில் வராமல் போக, அய்யாத்துரை "அதைக் கழிச்சிரு" என்று கையைக் காட்டினார். அதோடு சீனியம்மாள் வீட்டுக்கும் சின்னச்சாமி வீட்டுக்கும் நடுவில் இருந்த வீடு கொடிவீரனின் நாக்கிலிருந்து இறங்கிவிட்டது. புருஷன் செத்திருந்தால் விதவை என்றாவது ஒரு பேர் இருக்கும், இருந்திருந்தால் தலைக்கட்டு. இவள் இரண்டிலும் சேராமல், ஒவ்வொரு பங்குனியிலும் கதவைச் சாத்திக்கொண்டு கோழிகளுக்குக் கம்பு இறைத்துக்கொண்டிருப்பாள், சீனியம்மாள் கிண்ணத்தில் குழம்பை மூடி எடுத்துவந்து வைத்துவிட்டுப் போவாள். அது அவளுக்குப் பழகிவிட்டது என்றுதான் அவளே நினைத்திருந்தாள்.

பக்கத்து டவுன் மாட்டாஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா வந்து பார்த்தார். நல்ல மனுஷி, பவுடர் கொடுத்தார், ஈ மொய்க்காமல் வேப்பெண்ணெய் தடவச் சொன்னார், மற்றக் கோழிகள் கொத்தாமல் பஞ்சாரக் கூடையைப் போட்டுக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். ஊர் கூறு வாங்கியதைக் கேட்டதும் சிரிக்கவில்லை. தானும் ஆசையாகக் கையை வைத்துப் பார்த்தார். வரவில்லை. "நான் வெளியூராச்சேம்மா, எனக்கு எப்பிடி வரும்?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். டாக்டரம்மா சாதாரணமாகச் சொன்ன அந்தச் சொல் வெள்ளத்தாயின் நெஞ்சில் போய்க் குத்தியது. இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து, இந்தத் தண்ணீரைக் குடித்து, இந்த மண்ணில் தலை நரைக்கத் தொடங்கிய பிறகு, தானும் வெளியூர்தான் என்று தன் கோழியின் காயம் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று நினைத்து, பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

எல்லா வீடும் வாங்கி முடித்தது. அப்புறமும் சாம்பியின் முதுகெலும்பு ஓரத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு காயம் மிச்சம் நின்றது. சின்னதுதான், ஆனால் ஆழம். சீனியம்மாள் தன் புருஷன் பேருக்கு வாங்கியது போல, வீட்டில் யார் வாங்கினாலும் வீட்டுக்கு ஒரு கூறுதான். வாங்கியவர்கள் மறுபடி கை வைத்தாலும், அவர்கள் வீட்டு ஆட்கள் யார் கை வைத்தாலும் வரவில்லை. மிச்சம் நின்ற காயம் சீழ் கோத்தது. சாம்பி தண்ணீரைக்கூட ஒதுக்கியது, கொண்டை கறுத்துக்கொண்டு வந்தது. அதைவிட, யாருடைய காயமும் ஆறவில்லை. கனகராசு பனியனை விட்டுவிட்டுச் சட்டை போட்டுக்கொண்டான். கோட்டைச்சாமியின் முழங்கை வீங்கியது. அய்யாத்துரைக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. ஒரே காயம் அது, எங்கெங்கோ கிடந்தாலும் ஒன்றாகத்தான் ஆறும், ஒன்றாகத்தான் அழுகும் என்பது எல்லாருக்கும் புரிந்தது. அதோடு இன்னொன்றும் நடந்தது: அந்தத் தட்டல் குறைந்துகொண்டே வந்தது. இதுதான் ஊரைக் கலங்கடித்தது. காடு முழுக்க அமைதியாகிக்கொண்டு வருகிறது என்று சம்சாரிகள் வந்து சொன்னார்கள்.

ஒரு மத்தியானம் கோயில் முன்னால் ஊர் கூடியது. வெள்ளத்தாய் சாம்பியை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்தாள். அதன் தலை அவள் முழங்காலுக்கு வெளியே தொங்கியது. மூச்சு இருக்கிறதா என்று அவள் அடிக்கடி விரல் வைத்துப் பார்த்தாள். கொடிவீரன் மேலத்தெருவில் ஆரம்பித்து மறுபடியும் எல்லாப் பேரும் கூப்பிட்டார். எல்லா வீடும் "இருக்கோம்" என்றது. அய்யாத்துரை போர்வையைப் போர்த்திக்கொண்டு, "எல்லாரும் வாங்கியாச்சு. யாரும் பாக்கி இல்ல. பிறவு எப்படி மிஞ்சும்?" என்றார்.

சீனியம்மாள் எழுந்தாள். ஊர்க்கூட்டத்தில் பெண்கள் எழுவது வழக்கம் இல்லை, ஆனால் அவளுக்கு வாய் அடங்காது. "எங்க வீட்டுக்கும் சின்னச்சாமி அண்ணன் வீட்டுக்கும் நடுவுல ஒரு வீடு கெடக்கே, அங்க யாரு குடியிருக்கா? பேயா?"

கொடிவீரன் திரும்பி அய்யாத்துரையைப் பார்த்தார்.

"அது மாடசாமி வீடு. அதைக் கழிச்சாச்சு" என்றார் அய்யாத்துரை. பிறகு, தானே யோசித்து, "சரி, சேத்துக் கூப்பிடு" என்றார்.

"மாடசாமி வீடு!" என்றார் கொடிவீரன்.

எல்லாருடைய பார்வையும் வெள்ளத்தாய் மேல் வந்தது. அந்தப் பேரில் அவள் வீட்டைக் கூப்பிட்டே எத்தனையோ காலம் ஆயிற்று. ஆனால் மடியில் உயிர் போய்க்கொண்டிருந்தது. கையைக் காயத்தின் மேல் வைத்து, "இருக்கோம்" என்றாள், பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காத குரலில்.

வரவில்லை.

"சத்தமாச் சொல்லு தாயி" என்றார் கொடிவீரன்.

"இருக்கோம்!"

வரவில்லை. சாம்பியின் கால் ஒரு தடவை நீண்டு, சுருங்காமல் அப்படியே நின்றது.

அப்போதுதான் வெள்ளத்தாய் எழுந்தாள். கோழியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பெண்கள் பக்கத்தைத் தாண்டி, ஆண்கள் பக்கத்தைத் தாண்டி, கொடிவீரன் முன்னால் போய் நின்றாள். அய்யாத்துரையைப் பார்த்துச் சொன்னாள்:

"அவரு இல்ல மாமா. அவரு போயிட்டாரு. அவரு பேருக்கு நான் பதில் சொன்னா அது பொய்யி, பொய்யைச் சொல்லி எப்பிடி வாங்குவேன்? அந்த வீட்டுல நான் இருக்கேன். விளக்கு ஏத்துதவ நான், உலை வைக்கவ நான். எம் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க."

அய்யாத்துரை தலையைக் குனிந்துகொண்டார். "பொம்பளை பேருல தலைக்கட்டு கெடையாதே தாயி. நம்ம ஊருல என்னைக்குமே கெடையாதே."

"கோழி காயத்தைக் கூறு போட்டதும் என்னைக்கும் கெடையாது மாமா" என்றாள் வெள்ளத்தாய்.

அய்யாத்துரை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். போர்வைக்குள் அவர் தோள்பட்டைக்குக் கீழே அந்தத் தட்டல் கடைசியாக ஒரு தடவை, ரொம்ப தூரத்தில், சோர்ந்துபோய்த் தட்டிவிட்டு நின்றது. அதே நேரத்தில் கூட்டத்தில் எல்லாரும் தலையைத் தூக்கினார்கள், எல்லாருக்கும் அது நின்றிருந்தது. ஒரு ஊர் முழுக்கச் சத்தம் போடாமல் பயந்ததை அந்தக் கோயில் அதற்கு முன்னால் பார்த்திருக்காது. அய்யாத்துரை முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கூப்பிடு கொடி" என்றார். "பொங்கலுக்குக் கூப்பிடுத மாதிரி கூப்பிடு."

கொடிவீரன் தொண்டையைச் செருமினார். அவர் நாக்குக்கு அது புதுப் பேர். முதலில் உதடுகள் சும்மா அசைந்தன. பிறகு நெஞ்சை நிமிர்த்தி, காட்டில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, பேரை நீட்டி இழுத்துக் கூப்பிட்டார்:

"வெள்ளத்தாய் வீடூ!"

அக்கா, மதினி, கோழிக்காரம்மா, மாடசாமி பெண்டாட்டி என்று எத்தனையோ விதமாக அவளை அழைத்திருக்கிறார்கள். அவள் பேர் அவளுக்கே கொஞ்சம் அந்நியமாக, பெரியதாக, கோயில் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

"இருக்கேன்" என்றாள் அவள்.

வந்தது. மற்றவர்களுக்கு நக அளவு வந்தது, அவளுக்கு மிச்சம் நின்ற ஆழம் முழுவதும் வந்தது. முதுகின் நடுவில், அவள் கையே எட்டாத இடத்தில், இரும்பைக் காய்ச்சி வைத்தது போல இறங்கி, அவளை முழங்கால் மடிந்து உட்கார வைத்தது. அதோடு சேர்ந்து தட்டலும் வந்தது, ஒன்றிரண்டாக இல்லை, சாம்பி அடைகாத்த அத்தனை ஓடுகளுக்குள்ளிருந்தும், காட்டில் அத்தனை விதைகளுக்குள்ளிருந்தும், கனகராசுவின் அக்கா வயிற்றுக்குள்ளிருந்தும் மழை பிடித்தது போல ஒன்றாக வந்தது. இத்தனை நாளும் ஊர் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்ததா என்று அவள் வாயைத் திறந்தபடி நாலு பக்கமும் பார்த்தாள். கூட்டத்தில் ஆளுக்கு ஆள் சட்டையைத் தூக்கித் தங்கள் காயத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எல்லாம் உலரத் தொடங்கியிருந்தது.

சாம்பி அவள் கையிலிருந்து இறங்கியது. உடம்பைச் சிலிர்த்து உதறியது. ஊரே காயத்தைச் சுமந்து நிற்கிறதே என்று ஒருத்தரையும் ஏறெடுத்துப் பார்க்காமல், அய்யாத்துரையின் செருப்பின் மேல் ஏறி இறங்கி, கோயில் ஓரத்தில் கிளறிப் பூச்சி தேடப் போய்விட்டது.

சீனியம்மாள் ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, வெள்ளத்தாயின் முதுகைத் தொடாமல் கையை மேலே மட்டும் பிடித்துக்கொண்டு, "ரொம்ப வலிக்கா மதினி?" என்றாள்.

வெள்ளத்தாய்க்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்காமல் சிரித்தாள்.

"வலிக்கு சீனி" என்றாள். "எல்லாருக்கும் வலிக்கிற மாதிரியே வலிக்கு."